முப்பது வயது ஆட்டம் இன்றும் ஓடுவது எப்படி?

வீட்டு அலமாரியில் பழைய கேம் சிடி ஒன்று கிடக்கிறது. பதினைந்து, இருபது வருடங்களுக்கு முன் வாங்கியது. கீறல் இல்லை, உறைகூடக் கிழியவில்லை. இப்போதைய மடிக்கணினியில் சிடி போட வழியில்லாததால், யாரிடமோ கொடுத்துக் கோப்புகளைப் பென்டிரைவில் ஏற்றி வாங்கியாயிற்று. சொடுக்கினால் கருந்திரை. அல்லது, ஏதோ ஒரு கோப்பைக் காணோம் என்று ஒரு செய்திப் பெட்டி. சிடியில் இருந்த ஒரு பைட்கூட மாறவில்லை. அன்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை?

இந்தப் புதிருக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. டூம் என்ற ஆட்டத்தை அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1993 டிசம்பர் 10-ஆம் தேதி வெளியிட்டது. டாஸ் இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட ஆட்டம் அது. இன்று மேலூரிலோ உசிலம்பட்டியிலோ ஒரு மாணவி தன் மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவி, ஒரே ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் அதே ஆட்டத்தின் இயந்திரம் இணையத்திலிருந்து இறங்கி ஓடத் தொடங்கிவிடும். இருபது வயது ஆட்டம் நின்றுவிட்டது. முப்பது வயதைத் தாண்டியது ஓடுகிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன?

## பொறி வேறு, சரக்கு வேறு

டூமைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு பாகங்கள் தெரியும். வீரர் எங்கே நிற்கிறார், சுவர் எவ்வளவு உயரமாகத் தெரிய வேண்டும், சுட்ட தோட்டா எதன் மேல் படும் என்றெல்லாம் நொடிக்கு நொடி கணக்கிடும் நிரல் ஒன்று. இதைத்தான் கேம் என்ஜின் என்கிறார்கள். நாம் ஆட்டப்பொறி என்று அழைப்போம். அந்தப் பொறி எடுத்துக் கையாளும் சரக்கு இன்னொன்று: வரைபடங்கள், சுவர் ஓவியங்கள், அரக்கர் உருவங்கள், ஒலிகள், இசை. டூமின் சரக்கு முழுவதும் 'வாட்' என்ற வகைக் கோப்பு ஒன்றுக்குள் அடங்கியிருக்கிறது. அன்று இலவசமாகச் சுற்றிய முதல் பாகத்தின் வாட் கோப்பு ஏறத்தாழ 4 எம்பிதான்.

1997 டிசம்பர் 23-ஆம் தேதி, டூமின் முதன்மை நிரலாளர் ஜான் கார்மக் ஆட்டப்பொறியின் மூலநிரலைப் பொதுவில் வெளியிட்டார். மூலநிரல் என்பது மனிதர் படிக்கும்படி, டூமின் விஷயத்தில் சி மொழியில், எழுதப்பட்ட வடிவம். கடையில் விற்கும் சிடியில் இது இருக்காது. கணினி மட்டும் படிக்கும் எண்களாக மாற்றப்பட்ட வடிவம்தான் இருக்கும். டாஸ் பதிப்பில் ஒலியைக் கையாண்ட பகுதி வேறொருவருக்குச் சொந்தமானது என்பதால், அதைத் தவிர்த்து லினக்ஸ் பதிப்பின் மூலநிரல் வெளியானது. முதலில் வணிக நோக்கில் பயன்படுத்தக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. 1999-இல் அது ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது மூலநிரலையும் அதே உரிமைகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதுதான் அந்த உரிமத்தின் சாரம்.

சரக்கு மட்டும் வெளியாகவில்லை. வாட் கோப்பு இன்றும் நிறுவனத்தின் உடைமை. இந்தப் பிரிவினை பின்னால் முக்கியமாகப் போகிறது.

## மாறுவது சுற்றுப்புறம்

நிரலுக்குத் துரு ஏறுவதில்லை. ஆனால் எந்த நிரலும் தனியாக ஓடுவதில்லை. திரையில் ஒரு புள்ளி வைக்க, ஒரு ஓசை எழுப்ப, ஒரு விசை அழுத்தப்பட்டதை அறிய, ஒவ்வொன்றுக்கும் இயங்குதளத்திடம் கேட்க வேண்டும். கேட்கும் முறை காலத்துக்குக் காலம் மாறுகிறது.

1997-இன் டூம் நிரல் எதையெல்லாம் எதிர்பார்த்தது? திரை ஒரு நேரத்தில் 256 நிறங்களை மட்டுமே காட்டும் நிலையில் இருக்க வேண்டும். படம் 320-க்கு 200 புள்ளிகள். ஒலிக்கு அன்றைய லினக்ஸ் வைத்திருந்த வாயில் திறந்திருக்க வேண்டும். கணினி 32 பிட் வகையாக இருக்க வேண்டும். இன்றைய கணினியில் இவற்றில் ஒன்றுகூட அப்படியே இல்லை. திரை கோடிக்கணக்கான நிறங்களில் இயங்குகிறது; ஒலி வேறு வழியில் போகிறது; செயலி 64 பிட்.

மூலநிரல் இல்லாத ஆட்டம் இங்கேதான் நிற்கிறது. அது தட்டும் கதவு இடம் மாறிவிட்டது. புதிய கதவு எங்கே என்று அதற்குச் சொல்லித்தர எளிதில் யாராலும் முடியாது. மூலநிரல் கையில் இருந்தால், கதவைத் தட்டும் அந்த ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக எழுதலாம்.

சைமன் ஹவர்ட் என்பவர் தொடங்கி 2005 முதல் வெளிவரும் 'சாக்லேட் டூம்' இப்படித்தான் பிறந்தது. அது திரையையும் ஒலியையும் நேரடியாகத் தொடுவதில்லை. எஸ்டிஎல் என்ற நிரலகத்திடம் கேட்கிறது. நிரலகம் என்பது பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல்தொகுதி. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவானாலும் அந்தந்த இயங்குதளத்தோடு பேசும் பொறுப்பை எஸ்டிஎல் ஏற்றுக்கொள்கிறது. அந்த எஸ்டிஎல்லும் மாறியது. இரண்டாம் தலைமுறை வந்தது. 2017-இல் வந்த சாக்லேட் டூம் 3.0 அதற்கேற்ப மாற்றி எழுதப்பட்டது. ஒரு முறை சரிசெய்துவிட்டு ஒதுங்கிவிட முடியாது என்பது இதிலேயே தெரிகிறது.

## நான்கு பைட் எட்டானபோது

சுற்றுப்புறம் மாறும்போது நிரலுக்குள் என்ன உடைகிறது என்பதை ஒரே ஒரு எடுத்துக்காட்டை எடுத்து, பைட் பைட்டாகப் பார்ப்போம்.

டூமின் சுவர் ஓவியம் ஒவ்வொன்றும் சிறு சிறு ஓவியத் துண்டுகளை ஒட்டிச் செய்யப்பட்டது. எந்தச் சுவருக்கு எந்தத் துண்டு, எந்த இடத்தில் என்ற விவரம் வாட் கோப்பில் இருக்கிறது. ஒரு சுவரின் விவரம் இந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கும்: பெயருக்கு 8 பைட், ஒரு குறிப்புக்கு 4, அகலத்துக்கு 2, உயரத்துக்கு 2. ஆக மொத்தம் 16. அடுத்து ஒரு 'சுட்டு'. பிறகு எத்தனை துண்டுகள் என்ற எண்ணிக்கைக்கு 2 பைட். அதன்பின் முதல் துண்டின் கிடைநிலைக்கு 2, செங்குத்து நிலைக்கு 2 என்று தொடரும்.

சுட்டு என்றால், நினைவகத்தில் வேறொரு பொருள் இருக்கும் இடத்தின் முகவரி. 32 பிட் கணினியில் முகவரி 4 பைட் நீளம். ஆகவே சுட்டு 16 முதல் 19 வரையுள்ள இடத்தைப் பிடிக்கும். துண்டுகளின் எண்ணிக்கை 20-ஆம் இடத்தில் தொடங்கும். வாட் கோப்பை எழுதியவர்களும் அப்படித்தான் எழுதினார்கள். எல்லாம் சரி.

64 பிட் கணினியில் முகவரி 8 பைட். அதே நிரலை அதில் இயக்கினால், சுட்டுக்கு 16 முதல் 23 வரை இடம் ஒதுங்கிவிடும். எண்ணிக்கையைத் தேடி நிரல் 24-ஆம் இடத்துக்குப் போகும். கோப்போ மாறவில்லை. அதில் 24-ஆம் இடத்தில் இருப்பது முதல் துண்டின் செங்குத்து நிலை! அந்த நிலை பூஜ்யமாக இருந்தால், இந்தச் சுவருக்குத் துண்டே கிடையாது என்று பொறி முடிவுகட்டிவிடும். வேறு எண்ணாக இருந்தால், இல்லாத துண்டுகளைத் தேடி எங்கெங்கோ போகும்.

இதில் மனத்தை உறுத்தும் விஷயம், அந்தச் சுட்டை ஆட்டம் பயன்படுத்தவே இல்லை. ஏதோ ஒரு காலத்தில் தேவைப்பட்டு, பிறகு கைவிடப்பட்ட இடம் அது. மூலநிரலிலேயே அதன் பக்கத்தில் காலாவதியானது என்று குறித்து வைத்திருக்கிறார்கள். யாருக்கும் பயன்படாத நான்கு பைட், எட்டாக நீண்டதும் சுவர்களையே அழித்துவிட்டது.

திருத்தம் எளிது. அந்த இடத்தைச் சுட்டு என்று சொல்லாமல், எப்போதும் 4 பைட் நீளமுள்ள எண் என்று அறிவித்துவிட வேண்டும். ஒரே ஒரு வரி. சாக்லேட் டூமில் இன்று அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க, வாட் கோப்பின் அமைப்பும் தெரிய வேண்டும், பழைய செயலியின் இயல்பும் தெரிய வேண்டும், புதியதன் இயல்பும் தெரிய வேண்டும். இது போதாதென்று, முகவரிப் பட்டியலுக்கு நினைவகத்தில் இடம் ஒதுக்கும்போது 'எண்ணிக்கை பெருக்கல் 4' என்று நேரடியாகவே எழுதிய இடங்களும் பழைய நிரலில் உண்டு. ஒவ்வொன்றையும் தேடித் தேடி மாற்ற வேண்டியிருந்தது.

## மொழியும் நகர்கிறது

செயலியும் இயங்குதளமும்தான் மாறும், மொழி நிலையானது என்று நினைக்கத் தோன்றும். அதுவும் அப்படியில்லை. மூலநிரலைக் கணினிக்குப் புரியும் எண்களாக மாற்றும் நிரலுக்குக் கம்பைலர் என்று பெயர். லினக்ஸ் உலகில் பெரிதும் பயன்படுவது ஜிசிசி. 2025-இல் வந்த அதன் 15-ஆம் பதிப்பு, வேறொன்றும் சொல்லாவிட்டால் சி மொழியின் 'சி23' என்ற புதிய இலக்கணத்தைப் பின்பற்றும்.

டூம் எழுதப்பட்ட காலத்துச் சி மொழியில் 'உண்மை', 'பொய்' என்ற இரு மதிப்புகளுக்கும் தனிச் சொற்கள் இல்லை. ஆகவே நிரலாளர்கள் தாங்களே 'ட்ரூ', 'ஃபால்ஸ்' என்று இரண்டு பெயர்களை அறிவித்துக்கொண்டார்கள். டூமிலும் அப்படியே. சி23-இல் அந்த இரண்டும் மொழியின் சொந்தச் சொற்களாகிவிட்டன. வேறு யாரும் அந்தப் பெயர்களைப் புதிதாக அறிவிக்க முடியாது. 1997-இன் மூலநிரலை இந்த இலக்கணத்தில் கொடுத்தால், கம்பைலர் அந்த வரியிலேயே பிழை சொல்லி நின்றுவிடும். நிரல் எழுதியவர் எந்தத் தவறும் செய்யவில்லை. அன்று சரியாக இருந்த வாக்கியம் இன்று பிழையாகிவிட்டது.

## பிழையையும் காக்க வேண்டிய கட்டாயம்

திருத்தம் செய்பவருக்கு இன்னொரு சோதனை காத்திருக்கிறது. டூமில் ஒருவர் ஆடியதைப் பதிவுசெய்து மற்றவர் பார்க்கலாம். அந்தப் பதிவில் படம் எதுவும் இருக்காது. நொடிக்கு 35 முறை ஆடுபவர் என்ன செய்தார் என்பதை, முறைக்கு 4 பைட் வீதம் குறித்து வைத்திருப்பார்கள்: முன்னால் போனாரா, பக்கவாட்டில் நகர்ந்தாரா, திரும்பினாரா, பொத்தானை அழுத்தினாரா. ஒரு நிமிட ஆட்டத்துக்கு 8,400 பைட் போதும்.

பதிவைத் திரும்ப ஓட்டும்போது பொறி அந்தக் கட்டளைகளைப் பின்பற்றி முழு ஆட்டத்தையும் மறுபடி கணக்கிடுகிறது. அரக்கனின் அடி எவ்வளவு வலுவாக விழும் என்பதுபோன்ற தற்செயல் விஷயங்கள்கூட 256 எண்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து வரிசையாக எடுக்கப்படுவதால், கணக்கு ஒவ்வொரு முறையும் ஒரே விடையைத் தரும். ஆனால் ஓரிடத்தில் பொறி பட்டியலிலிருந்து ஓர் எண்ணைக் கூடுதலாக எடுத்துவிட்டாலும் அடுத்தடுத்த விடைகள் எல்லாம் விலகும். சிறிது நேரத்தில் பதிவிலுள்ள வீரர் சுவரை முட்டிக்கொண்டு, இல்லாத எதிரியைச் சுட்டுக்கொண்டிருப்பார்.

ஆகவே பழைய பொறியில் இருந்த கணக்குப் பிழைகளையும் விட்டுவைக்க வேண்டும். சாக்லேட் டூம் இதையே குறிக்கோளாகக் கொண்டது: டாஸ் பதிப்பு நடந்துகொண்டபடியே, பிழைகள் உட்பட, நடக்க வேண்டும். 1990-களின் பதிவு ஒன்று கடைசி நொடி வரை பிசகாமல் ஓடினால், பொறி மாறவில்லை என்பதற்கு அதுவே வலுவான சான்று.

## பொதி கட்டுதல்

நிரல் தயார். அது மாணவியின் மடிக்கணினிக்கு எப்படி வந்து சேர்கிறது?

லினக்ஸின் கருவையும் ஆயிரக்கணக்கான மென்பொருள்களையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி சேர்த்துத் தருவதற்கு 'வழங்கல்' என்று பெயர். டெபியன் அப்படிப்பட்ட ஒரு வழங்கல். இயன் மர்டாக் அதை 1993 ஆகஸ்டில், டூம் வருவதற்கு நான்கு மாதம் முன்பு, தொடங்கினார். இன்று வரை தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். அதில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு 'பொதி'. பொதிக்கு ஒரு பராமரிப்பாளரோ ஒரு குழுவோ பொறுப்பு.

பராமரிப்பாளர் மூலநிரலோடு சில சிறிய கோப்புகளைச் சேர்க்கிறார். இந்தப் பொதிக்கு வேறு எவையெல்லாம் தேவை என்று ஒன்று சொல்லும். எஸ்டிஎல் வேண்டும் என்பது அங்கேதான் இருக்கும். எப்படிக் கம்பைல் செய்வது என்று இன்னொன்று. எந்தக் கோப்பை யார் எழுதினார், எந்த உரிமத்தில் என்று மற்றொன்று. என்ன மாறியது என்ற வரலாறு வேறொன்று. இவற்றைப் படித்து டெபியனின் கணினிகள் பலவகைச் செயலிகளுக்கும் தாமாகவே பொதியைக் கட்டித்தரும். யாருமே ஆட்டம் ஆடாத பெருங்கணினிச் செயலிக்கும் கட்டுகிறார்கள். வழக்கமான கணினியில் தலைகாட்டாத பிழைகள் அங்கே வெளிப்படுவது உண்டு.

உரிமக் கோப்பு சடங்குக்கு எழுதுவது கிடையாது. டெபியனின் முதன்மைக் களஞ்சியத்தில் கட்டற்ற மென்பொருளுக்கு மட்டுமே இடம். அதிலுள்ள பொதி, அதற்கு வெளியே உள்ள எதையும் கட்டாயம் சார்ந்திருக்கவும் கூடாது. இங்கேதான் பொறிக்கும் சரக்குக்கும் உள்ள பிரிவினை திரும்ப வருகிறது. பொறி கட்டற்றது. வாட் கோப்பு நிறுவனத்தின் உடைமை. சரக்கு இல்லாத பொறியை வைத்து என்ன செய்வது?

ஃப்ரீடூம் என்ற திட்டம் இதற்கு விடை தந்தது. டூம் பொறியில் ஓடக்கூடிய வரைபடங்கள், ஓவியங்கள், ஒலிகள் அனைத்தையும் பலர் சேர்ந்து புதிதாக உருவாக்கி, கட்டற்ற உரிமத்தில் கொடுத்தார்கள். மேலூர் மாணவி கொடுக்கும் ஒரு வரிக் கட்டளையில் பொறியும் இந்தச் சரக்கும் சேர்ந்தே இறங்கும். அசல் ஆட்டத்தை விலை கொடுத்து வாங்கியவர் தன் வாட் கோப்பை அதே பொறியிடம் காட்டி ஆடலாம்.

## மேற்கண்மாயும் கீழ்க்கண்மாயும்

மதுரைச் சமவெளியில் வளர்ந்தவருக்கு இந்த அமைப்பு புதிதாகத் தோன்றாது. மேற்கண்மாய் நிறைந்ததும் மறுகால் பாய்ந்து கீழ்க்கண்மாய்க்குத் தண்ணீர் போகும். அது நிறைந்ததும் அதற்கும் கீழே. இடையில் ஒரு வாய்க்கால் தூர்ந்தாலும் கடைசி ஊருக்குத் தண்ணீர் எட்டாது. சாக்லேட் டூம் திட்டத்திலிருந்து மூலநிரல் டெபியனுக்கு வருகிறது. டெபியனிலிருந்து உபுண்டு போன்ற வழங்கல்களுக்குப் போகிறது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கி 2007-இல் முதலில் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியனை அடித்தளமாகக் கொண்டதுதான். 2011-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து மாணவர் கைக்கு வந்தது. திருமங்கலத்துப் பள்ளி மாணவர் ஒருவர் அந்த மடிக்கணினியைத் திறந்தபோது, உலகெங்கும் முகம் தெரியாத பராமரிப்பாளர்கள் கட்டிய பொதிகளின் மேல்தான் கைவைத்தார்.

கண்மாய்க்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. தண்ணீர் மேலே ஏறாது, திருத்தம் ஏறும். கீழே ஒருவர் ஒரு பிழையைக் கண்டு சரிசெய்தால், அந்தச் சிறு மாற்றத்தை 'ஒட்டு' என்ற வடிவில் மேலே அனுப்பலாம். மூலத் திட்டம் ஏற்றுக்கொண்டால், அதற்குக் கீழே உள்ள எல்லா வழங்கல்களுக்கும் அது பாயும். முகவரியின் நீளம் பற்றிய அந்த ஒரு வரித் திருத்தமும், சி23-க்கான திருத்தமும் இப்படி ஒருவர் செய்து எல்லோருக்கும் கிடைப்பவை. ஊர் கூடிக் கரையை உயர்த்தி வாய்க்காலைத் தூர்வாரிய குடிமராமத்தின் அதே இயல்பு இதிலும் இருக்கிறது: பயன்படுத்துபவரே பராமரிப்பவர்.

இந்த வேலையில் சேர எந்த ஊரும் தடையில்லை. 2023 ஜனவரியில் டெபியன் ஆர்வலர்களின் தமிழ்நாட்டு மாநாடு விழுப்புரத்தில் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடே கொச்சியில் கூடியது. மதுரையிலிருந்து இரண்டுமே ஒரு இரவுப் பயணத் தொலைவுக்குள். கல்லூரியில் சி மொழி படித்த ஒருவர் கைவிடப்பட்ட ஒரு பழைய பொதியை எடுத்து, புதிய கம்பைலரில் ஓட்டி, வரும் முதல் பிழையைப் படித்துப் பார்ப்பதே இதற்கான தொடக்கம்.

## ஆட்டத்துக்கு மட்டும்தானா?

டூமின் மூலநிரல் வெளியாகி மூன்று வாரங்கள் கழித்து, 1998 பொங்கலன்று, 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகெங்கும் உள்ள தமிழர் தட்டச்சு செய்து தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாக ஏற்றினார்கள். அந்தப் பாடங்களும் டூம் சந்தித்த அதே ஆபத்தைச் சந்தித்தன. யூனிகோடுக்கு முன் கையாண்ட டிஸ்கி குறியீட்டில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பைட். 'கெ' என்பதை, திரையில் தெரியும் வரிசைப்படி, கொம்பு முதலில், 'க' பிறகு என்று எழுதும். யூனிகோடு வந்தது, அதில் 'க' முதலில், கொம்பு பிறகு. எண்களை மட்டும் மாற்றினால் போதாது. வரிசையையும் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டிருந்தால், கோப்பில் ஒரு பைட்கூடக் கெடாமலே சங்க இலக்கியம் படிக்க முடியாத குறிகளாகியிருக்கும்.

மதுரைத் திட்டத்தின் பாடங்கள் பிழைத்ததற்கும் டூம் பிழைத்ததற்கும் காரணம் ஒன்றே. குறியீட்டின் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாற்றும் உரிமை எல்லோருக்கும் இருந்தது. மாற்றுவதற்கு ஆட்கள் முன்வந்தார்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த அலமாரிச் சிடியின் கதிதான்.

இன்று நம் பள்ளிப் பாடச் செயலிகள், நிலப் பதிவேடுகள், மருத்துவமனைக் கணக்குகள் எல்லாம் நிரலாகிவிட்டன. முப்பது வருடம் கழித்தும் அவை தேவைப்படும். அதற்குள் செயலி மாறும், இயங்குதளம் மாறும், மொழியின் இலக்கணமும் மாறும். அதில் ஐயம் வேண்டாம். பொதுப் பணத்தில் எழுதப்படும் ஒவ்வொரு நிரலோடும் அதன் மூலநிரல், கட்டற்ற உரிமம், கோப்பின் அமைப்பை விளக்கும் ஆவணம் ஆகிய மூன்றும் பொதுவில் வெளியாக வேண்டும் என்று நாம் இப்போதே கேட்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்குக் கிடைத்த ஆயுள் ஓர் ஊரின் நிலப் பதிவுக்கும் கிடைக்க வேண்டும்.